உட்காராத நாய்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதுவாய்.

நேற்று எங்கள் துறைமுகத்து நான்காம் வாசல் காவலர் செத்துப்போனார். ஒரு லாரியை நிறுத்தி, கண்டெய்னர் சீலைக் காட்டச் சொல்லியிருக்கிறார். டிரைவர் வண்டியை அவர் மேல் ஏற்றினான். பிறகு பின்னால் எடுத்தான். மறுபடியும் ஏற்றினான். காலை பதினொரு மணி, நான் முப்பதடி தள்ளி நாயோடு நிற்கிறேன். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். இரண்டு தடவை நடக்கிற விபத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். என் பூட்ஸை மூன்று முறை கழுவியாயிற்று.

இன்னொரு தலைவலி. போன மாதம் என் நாய் மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று விட்ட கண்டெய்னர் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் பிடிபட்டிருக்கிறது. நானூறு கிலோ போதைப் பவுடர். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. "நாய் தூங்கிச்சா, நீ தூங்கினியா?" என்று பெரிய அதிகாரி கேட்கிறார். என் வக்கீலா தூங்கும்? ஓயாமல் குரைப்பதால்தானே அந்தப் பெயரே வைத்தேன். பவுடர் வாசனை கிடைத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அந்தக் கண்டெய்னரைச் சுற்றி இரண்டு முறை கூட்டிப்போனேன், உட்காரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. பயிற்சிப் பெட்டியை மறதியாகப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உண்மையான பவுடரைக் கொஞ்சம் அடைத்துச் சீல் வைத்து எங்களுக்குத் தருகிற தகரப் பெட்டி அது. அதைக் காட்டித்தான் நாயைப் பழக்குவோம். வக்கீல் பெட்டியை மோந்ததும் சமத்தாக உட்கார்ந்தது. ஆனால் ஓய்வு பெற்று என் வீட்டில் இருக்கிறாளே பெரியம்மா, பத்து வருடம் இதே வேலை பார்த்த கிழட்டு நாய், அவள் வந்து மோந்தாள், ஒரு தும்மல் போட்டாள், போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியில் பவுடரே இல்லை அக்கா. வேறு ஏதோ வாசனையைக் காட்டி என் நாயைப் பழக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய நாய்கள் நான்கையும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது ஏன் என்று இப்போது புரிகிறது.

அப்போது இந்தப் பிரிவுக்குத் தலைவர் நம் அத்தான்தான். யாரோ அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அப்பா போட்ட சட்டப்படி சாப்பாட்டு மேசையில் இந்தக் கடிதத்தை உரக்கப் படி. அத்தானும் கேட்கட்டும். இங்கே யாரிடமும் வாய் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 15

என் அன்பு மூக்கா,

ஃபோனில் உனக்கு "ம்", "சரி" தவிர வேறு வார்த்தை வராது. எழுதினால்தான் மனுஷனாகிறாய். அதற்காகத்தான் உன்னை எழுதச் சொல்கிறேன். ஆனால் இப்படியா எழுதுவாய்? அந்தக் காவலர் கதையைப் படிக்கும்போது சின்னவன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டான். பெரியவள் மட்டும், "மாமா இன்னும் சாப்பாட்டை மோந்து பாத்துட்டுத்தான் சாப்பிடறாரா?" என்று கேட்டாள். உனக்கு நான் மூக்கன் என்று பெயர் வைத்த கதையை நூறாவது தடவையாகச் சொன்னேன்.

இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு எதிரே, பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் கண்ணாடிக் கதவு வரை ரத்தம். ஒருவனை டாக்டரும் நானும் உள்ளே இழுத்துப் போட்டோம். தாடையே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே செத்தான். நீ சொன்ன அந்த நானூறு கிலோ சரக்குக்காக நடந்த சண்டை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். உன் அத்தானுக்கும் அதே வழக்குதான், வீட்டில் கால் தரிப்பதேயில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். "உன் தம்பிக்கு மூளை இருக்கு. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எழுது. யாருக்கெல்லாம் தெரியும், ஆதாரம் என்ன, எங்க இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதி அனுப்பச் சொல்லு. நான் மேலிடத்துல பேசிக்கிறேன்" என்றார். அவர் உன்னைப் புகழ்ந்து நான் இப்போதுதான் கேட்கிறேன். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அதுவரை வாசல் பக்கம் நிற்காதே. நீ நிற்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். கோழிக்கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

எங்கள் இருப்பறைக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி போட்டிருப்பதால் கண்ணாடி அண்ணன் என்போம். வாசலில் செத்தவர் அவருடைய சிநேகிதர். அந்தக் கோபத்தில்தான் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். அவருக்கும் பெட்டிகள் மேல் ரொம்ப நாளாகச் சந்தேகமாம். ஒரு பெட்டியை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மாவும் ஏதோ வாசனைத் தூளும் மட்டும்தான். ஒரு சிட்டிகைகூடப் பவுடர் இல்லை.

பெட்டிகள் வந்த நாள், கொண்டுவந்தவர், கையெழுத்துப் போட்டவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யார் கையெழுத்து என்று கேட்டேன். "வேணாம்பா. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். நாளைக்கு விசாரணை கமிஷன் வரட்டும், அங்க சொல்றேன்" என்றார். அந்த நோட்டும் பெட்டியும் அவர் வீட்டுச் சமையலறைப் பரணில், பழைய போர்வை மூட்டைக்குள் இருக்கின்றன. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்று. சனிக்கிழமை மதியம் பெரியம்மாவைக் கயிற்றில் பிடித்து, ஊசி போடப் போகிறேன் என்று சொல்லி யார்டு வழியாக நடத்திக் கூட்டிப்போனேன். ஒரே வரிசையில் மூன்று கண்டெய்னர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூன்றும் உங்கள் ஊருக்குப் போகிற சரக்கு. அவளுக்குக் கால் வலி, எழுந்திருக்கக் கஷ்டப்பட்டாள், இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தானிடம் சீக்கிரம் ஏதாவது செய்யச் சொல்.

உன் தம்பி


மார்ச் 8

என் அன்பு மூக்கா,

அவசரமாக எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. அவர் அப்போதே மேலிடத்துக்கு ஃபோன் போட்டுவிட்டார். அரை மணி நேரம் பேசினார். இனி உனக்கு ஒரு பயமும் இல்லை, நிம்மதியாகத் தூங்கு. பெரியம்மாவுக்கு என் சார்பில் நல்ல எலும்பாக ஒன்று வாங்கிப் போடு.

உன் அக்கா


மார்ச் 21

அக்கா,

இதை உன் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாதே. யாருக்கும் படித்துக் காட்டாதே.

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் நான்கு விரல் உடைந்துவிட்டது.

மார்ச் 9 அன்று கண்ணாடி அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தது அந்த அம்மாதான். அவருடைய முழங்கால் இரண்டையும் சுத்தியலால் உடைத்து, கழுத்தை மின்சார ஒயரால் இறுக்கியிருந்தார்கள். இரண்டு கண்ணாடியும் தரையில் நொறுங்கிக் கிடந்தன. வீட்டில் வேறு எதையும் தொடவில்லை, பீரோ பூட்டியபடியே இருந்தது. பரண் மட்டும் காலி. போர்வை மூட்டையைப் பிரித்துத் தரையில் போட்டுவிட்டு நோட்டையும் பெட்டியையும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை நான் நாய்களுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். ஒருவன் என் கையைச் சுவரில் வைத்துப் பிடித்தான், இன்னொருவன் அடித்தான். "இனிமே எதுவும் எழுத மாட்டேல்ல?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். பெரியம்மா பாய்ந்து அவன் தொடையைக் கவ்வினாள். வாயில் இருந்த நான்கு பல்லாலும் பிடித்தாள், விடவேயில்லை. அவள் தலை நசுங்குகிற வரைக்கும் அடித்தார்கள். செத்த பிறகும் வாய் பிடியை விடவில்லை. கம்பியைக் கொடுத்து நெம்பித்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. பரண் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி 26 அன்று உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் எழுதினேன். அது உன் கைக்கு வந்தது ஏழாம் தேதி. ஒன்பதாம் தேதி அவர் உயிரோடு இல்லை. "எழுத மாட்டேல்ல" என்று அடித்தானே, நான் எழுதுவது அவனுக்கு எப்படித் தெரியும்?

அத்தானைப் பற்றி இதை எழுத என் கை கூசுகிறது. ஆனால் வேறு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனவன் நான் என்பதால் கொலைப் பழி என் மேல் வரப்போகிறது. அந்தக் கடிதம் எனக்கு வேண்டும், தபால் முத்திரையோடு. பரணில் இருந்தது என்ன என்பதற்கு இப்போது அது ஒன்றுதான் ஆதாரம். அது உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு அக்கா.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

உன் கையைப் பற்றிப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறையில் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ எழுதியது அநியாயம். உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் யார்? அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது மகன் போலத் தூக்கிச் சுமந்தவர் யார்? பதினான்கு வருடம் அவரோடு வாழ்கிறவள் நான். அவர் தகவல் சொன்ன இடத்தில் எவனோ ஒரு துரோகி இருந்திருப்பான். அதற்கு அவர் என்ன செய்வார்? அடிபட்ட வேகத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டாய் என்று விட்டுவிடுகிறேன். என் பிள்ளைகளின் அப்பாவைப் பற்றி இன்னொரு தடவை இப்படி எழுதாதே.

கடிதத்தைத் தேடினேன். உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக அலமாரியில் வைத்திருப்பேன். மற்றதெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. அலுவலகத்துக்கு எடுத்துப்போயிருப்பார். கேட்டு வாங்கி அனுப்புகிறேன்.

கையை அசைக்காதே. எலும்பு கோணிக்கொண்டு சேர்ந்துவிடும்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

எனக்காக ஒரு நிஜ வக்கீலம்மா வாதாடுகிறார். நான் சொல்லச் சொல்ல அவர்தான் இதை எழுதுகிறார். என் வக்கீலைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார். என் நாயை ஒன்றாம் தேதியே சுட்டுவிட்டார்கள். வெறி பிடித்தது என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். பாவம், தப்பான பாடத்தை ஒழுங்காகப் படித்த நாய்.

கண்ணாடி அண்ணனைக் கொன்றேன் என்று என்னைக் கைது செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான்கு நாள் என்னைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள். ஈரத் துணியை முகத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு விலா எலும்பு போய்விட்டது, ஒரு காது கேட்பதில்லை. கையெழுத்துப் போடு என்றார்கள். போடவில்லை. விரல் உடைந்து கிடப்பவனிடம் கையெழுத்துக் கேட்கிற முட்டாள்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் அடித்தார்கள்.

மூன்றாவது நாள் ஒரு அதிகாரி தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தான். குனிந்து என் முகத்துக்கு நேராக, "என்ன மூக்கா, மோந்து பாத்துட்டுத்தானே சாப்பிடுவே? மோந்து பாரு" என்றான்.

இந்தத் துறைமுகத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டைச் சோதித்தபோது உன் கடிதங்களைப் பார்த்திருப்பான் என்று நீ சொல்லலாம். கைதாவதற்கு முன்பே அவற்றையெல்லாம் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெயரை அவனுக்கு வாயால்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று நான் எழுதவில்லை, எழுதாதே என்று நீ சொல்லிவிட்டாய்.

ஜூன் 3 அன்று சாட்சி விசாரணை. தூக்குத் தண்டனைகூடக் கிடைக்கலாம் என்கிறார் வக்கீலம்மா, மறைக்காமல் சொன்னார். கடிதம் கிடைக்காவிட்டால் அதைப் படித்தவர் யாராவது வந்து சாட்சி சொன்னால் போதுமாம். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. வரமுடியாது என்றால் வரமுடியாது என்று ஒரு வரி எழுதிவிடு. எதிர்பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் அடியைவிட வலிக்கிறது.

தம்பி


மே 2

என் அன்பு மூக்கா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்தேன். அன்று சாயந்திரமே பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு அவரிடம் நேராகக் கேட்டேன். "மூக்கன்ங்கிற பேர நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். என் பின்தலையைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினார். மூன்று பல் போயிற்று. கீழே விழுந்ததும் வயிற்றில் உதைத்தார். பதினான்கு வருடத்தில் என் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப அமைதியாகப் பேசினார். "சொல்லு, போய்ச் சொல்லு. அந்த ஆள் வீட்டுல எது எங்க இருக்குன்னு படிச்சுக் காட்டினது யாரு? நீதானே? என்னை மாட்டிவிட்டா உன்னையும் சேத்துத்தான் கட்டுவாங்க. பிள்ளைங்க ரெண்டும் அநாதை இல்லத்துல நிக்கும்."

அவர் சொன்னது உண்மை.

மார்ச் ஏழாம் தேதி மேசையில் உன் கடிதத்தைப் படித்து முடித்தேன். அவர் ஃபோன் போட்டார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தார், உன் கிறுக்கல் அவருக்கு ஓடவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "நீயே படி, நல்லா நிறுத்தி நிதானமா" என்று என்னிடம் நீட்டினார். மேலிடம் கேட்கிறது, என் தம்பியின் கெட்டிக்காரத்தனம் அவர்களுக்கும் தெரியட்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "பரணா? எந்த ரூம்ல?" என்று கேட்டது. "சமையலறையில. பழைய போர்வை மூட்டைக்குள்ள" என்று நான் சொன்னேன். "அவர் மனைவிக்கும் தெரியாதாம்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு நாளில் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

ஏப்ரல் மாதம் உன்னை அநியாயக்காரன் என்று எழுதினேனே, அப்போதே இது எனக்குத் தெரியும். பரண் காலி என்று நீ எழுதியதைப் படித்த நிமிஷமே தெரியும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்தில்தான் உன் காது போனது, விலா உடைந்தது. நீ என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வரி எழுது என்று கேட்டாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும் பிள்ளைகளோடு பல் டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எத்தனையோ பேரை நான் சாய்த்து உட்கார வைத்த நாற்காலியில் என்னைச் சாய்த்து உட்கார வைத்து, வாயைத் தைத்தார். அவரே இந்த ஊர்க் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஆறு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தேன். ஃபோன் பண்ணிய நேரத்தைச் சொன்னேன், அந்த எண்ணை அவர்கள் எடுத்துவிட்டார்கள். உங்கள் பெரிய அதிகாரியின் எண் அது. நீ தூங்கினியா நாய் தூங்கிச்சா என்று கேட்டாரே, அவர்தான். உன் அத்தானைப் புதன்கிழமை பிடித்தார்கள். என்னையும் பிடித்திருக்கலாம். சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் விட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்ன என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பிள்ளைகள் டாக்டர் வீட்டில் பத்திரமாக இருப்பார்கள். பெரியவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் தொட்டால் தள்ளிப் போகிறாள்.

இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொன்னால் போதும், அங்கே வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி அண்ணனின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, கூண்டில் நிற்கும் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வக்கீலம்மா எழுதியிருந்தார். தன் கணவரைக் கொன்றவன் நீதான் என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். ஜூன் மூன்றாம் தேதி உன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ தெரியாது. ஆனால் எந்த அறை, எந்த மூட்டை என்று சொன்ன குரல் என்னுடையது என்பதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அக்கா